பொட்டாசியம் குளோரைடா, பொட்டாசியம் சல்பேட்டா?

பயிருக்குச் சாம்பல் சத்து (பொட்டாசியம்) கொடுக்க வேண்டும் என்று முடிவானதும் இந்த இரண்டு உப்புகளுக்கு நடுவில்தான் தேர்வு. மூட்டையில் உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் குளோரைடு ஜெயித்துவிடும்: அதில் பொட்டாஷ் அளவு (ஆக்சைடு கணக்கில்) 60 சதவீதம், சல்பேட்டில் 50. விலையும் குளோரைடுக்கே சாதகம். ஆனால் மண்ணையும் பாசன நீரையும் பார்க்காமல் இதை முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விலை ஏன் வேறுபடுகிறது என்பது தயாரிப்பு முறையிலேயே தெரியும். குளோரைடு பெரும்பாலும் சுரங்கத்திலிருந்து வருகிறது. பழங்காலக் கடல்கள் வற்றியபோது படிந்த சில்வினைட் பாறையை கனடாவின் சஸ்காச்சுவான், பெலாரஸின் சோலிகோர்ஸ்க் போன்ற இடங்களில் வெட்டி எடுக்கிறார்கள். அதில் சோடியம் குளோரைடும் கலந்திருக்கும். இரண்டையும் பிரிக்கும் ஒரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. நீர் சூடாக ஆக பொட்டாசியம் குளோரைடு நிறையக் கரையும், சோடியம் குளோரைடின் கரைதிறனோ அவ்வளவாக மாறாது. ஆகவே இரண்டும் நிறைந்த சூடான கரைசலை ஆறவிட்டால், பொட்டாசியம் உப்புதான் படிகமாக இறங்கும். சில மூட்டைகளில் தெரியும் சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. சத்தில் குறை ஒன்றுமில்லை.

சல்பேட்டின் கதை வேறு. சில இடங்களில் இயற்கை உப்புநீரிலிருந்தும் கிடைக்கிறது என்றாலும், மான்ஹைம் முறையில் அந்தக் குளோரைடே அதற்கு மூலப்பொருள். கந்தக அமிலத்தோடு சேர்த்து உலையில் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். கூடவே வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைப் பிடித்து அமிலமாக விற்க வழி வேண்டும். இத்தனை வேலைக்கும் சேர்த்துத்தான் கூடுதல் விலை.

சரி, அந்தக் கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது? 17 முதல் 18 சதவீதம் கந்தகம் ஒன்று. அதைவிட முக்கியமானது உப்புக் குறியீடு, அதாவது உரம் மண்ணின் நீரில் உப்புத்தன்மையை எவ்வளவு கூட்டும் என்ற அளவு. சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்தால், குளோரைடு 116, சல்பேட் 46. உவர் மண்ணிலும், உப்பு ஏறிய கிணற்று நீரிலும், விதைக்கு அருகில் உரம் வைக்கும்போதும் இந்த வித்தியாசம் வேரில் தெரியும். அங்கெல்லாம் நான் யோசிக்காமல் சல்பேட் பக்கம் நிற்பேன்.

பயிரைப் பொறுத்தும் முடிவு மாறும். புகையிலையில் உரத்திலுள்ள குளோரைடு அயனி ஏறினால் இலை சரியாக எரியாது. உருளைக்கிழங்கில் மாவுச்சத்து குறையலாம். ஸ்ட்ராபெரி, அவகாடோ, திராட்சை ஆகியவையும் அதைத் தாங்காது. அதற்காகக் குளோரைடை விஷமாகப் பார்ப்பதும் தவறு. செடிக்கு அது சிறிதளவு தேவையான சத்துதான். தென்னைக்கும் எண்ணெய்ப் பனைக்கும் அது நன்மையே செய்கிறது. நெல், மக்காச்சோளம் போன்றவற்றுக்கு, நல்ல வடிகாலும் போதிய மழையும் இருந்தால், சல்பேட் வாங்குவது வீண் செலவு.

சொட்டு நீரில் விடுவதானால் சல்பேட்டுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். 20 டிகிரியில் 100 மில்லி நீரில் குளோரைடு சுமார் 34 கிராம் கரையும், சல்பேட் 11 கிராம்தான். அப்புறம், ஒரே தொட்டியில் கால்சியம் நைட்ரேட்டோடு சல்பேட்டைக் கலக்கவே கூடாது. ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) படிந்து சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும்; இரண்டையும் தனித்தனித் தொட்டியில் கரைத்து, வேறு வேறு நேரத்தில் விட வேண்டும்.