2டி தகடா, 3டி பேப்பரா, ஃபிலிமா, யூவியா: போன் கவரில் ஓரம் எதில் சுத்தமாக வரும்?

படம் அச்சிட்ட போன் கவரின் நடுப்பகுதியைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. வம்பெல்லாம் ஓரத்தில்தான். கறுப்புப் பின்னணியைச் சுற்றி நூல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு, மூலையில் வெளிறிய திட்டு, கேமரா ஓட்டையைச் சுற்றிப் புகை படிந்தது போல ஒரு வளையம். இதற்கு என்ன வழி என்று தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். முதுகில் மட்டும் படம் வரும், தகடு வைத்த 2டி கவரே போதும் என்பார் ஒருவர். காற்றை உறிஞ்சி அழுத்தும் வேக்கம் மெஷின் இல்லாமல் முடியாது என்பார் இன்னொருவர். பேப்பரை விட்டு ஃபிலிமுக்குப் போங்கள் என்பார் மூன்றாமவர். பேப்பரிலோ ஃபிலிமிலோ அச்சிட்ட படத்தைச் சூட்டால் கவரில் ஏற்றும் சப்ளிமேஷனையே விட்டுவிட்டு, நேராகக் கவரில் அச்சிடும் யூவிக்கு மாறச் சொல்பவரும் உண்டு. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஓரத்தை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். வேகம், செலவு, லாபம் எல்லாம் வேறு கணக்கு.

அதற்கு முன், ஓரம் ஏன் கெடுகிறது என்று ஒரு நிமிடம். சப்ளிமேஷன் மையில் இருக்கும் சாயம் சூடேறும்போது திரவமாகாமல் நேராக ஆவியாகிறது. கவரின் மேல் உள்ள பாலிமர் பூச்சும் அந்தச் சூட்டில் இளகுவதால் ஆவி அதற்குள் புகுந்துகொள்கிறது. ஆறியதும் உள்ளேயே தங்கிவிடுகிறது. பேப்பர் பூச்சை அழுத்தித் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் சாயம் நேராக உள்ளே இறங்கும். மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், அது பக்கவாட்டில் பரவத் தொடங்கிவிடும். இடைவெளி இன்னும் பெரிதானால் பாதிச் சாயம் வந்தே சேராது. ஆக, மங்கிப் பரவிய ஓரம், வெளிறிப்போன ஓரம் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அந்த இடத்தில் பேப்பர் ஒட்டி உட்காரவில்லை.

இது தெரியாமல் ஓரம் வெளிறினால் உடனே நேரத்தைக் கூட்டுவார்கள். அதனால் ஓரம் கொஞ்சம் தேறும், நடுப்பகுதி கெட்டுவிடும். தேவைக்கு மேல் சூட்டில் வைத்தால் உள்ளே போன சாயம் மேலும் பரவி எழுத்துகளின் கூர்மை போய்விடும், கறுப்பு பழுப்படிக்கும். ஓரத்துக்கு வேண்டியது தொடுகை. எனவே இந்த நான்கு வழிகளையும் ஒப்பிடுவது என்றால், ஒவ்வொன்றும் ஓரத்தில் அந்தத் தொடுகையை எப்படிக் காப்பாற்றுகிறது என்று பார்ப்பதுதான்.

2டி கவர்: ஓரத்தைச் சட்டம் மறைத்துவிடுகிறது

இதில் கவர் சூட்டுக்குப் போவதே இல்லை. பூச்சு பூசிய மெல்லிய அலுமினியத் தகட்டில் மட்டும் சாதாரண ஹீட் பிரஸ்ஸில் (சூடான தட்டால் அழுத்தும் கருவி) அச்சிட்டு, பிறகு அதைக் கடினப் பிளாஸ்டிக் அல்லது டிபியு என்னும் வளையும் பிளாஸ்டிக் கவரின் முதுகில் உள்ள பள்ளத்தில் ஒட்டுகிறோம். சூடு பெரும்பாலும் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ், நேரம் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்பின். தட்டையான தகடு, தட்டையான பேப்பர் என்பதால் தொடுகை பற்றிக் கவலையே வேண்டாம். பேப்பரில் படத்தைத் தகட்டைவிட எல்லாப் பக்கமும் 2 அல்லது 3 மி.மீ. பெரிதாக வைத்துவிட்டால் வெள்ளைக் கோடு வராது. வராமல் இருப்பது மட்டுமல்ல, வந்தாலும் தகட்டைச் சுற்றிச் சட்டம்போல் நிற்கும் கவரின் விளிம்பு அதில் பாதியை மறைத்துவிடும். ஓரச் சுத்தத்தில் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது.

இதிலும் கோட்டைவிட இடம் உண்டு. முதலாவது, தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் படலம். அதை உரிக்காமல் பிரஸ் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, பிரஸ்ஸைத் திறக்கும் நொடி. தட்டு மேலே எழும்போது பேப்பர் துளி நகர்ந்தாலும், இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும் சாயம் பக்கத்தில் இரண்டாவது நிழலாகப் படியும். கோஸ்டிங் என்று சொல்வது இதைத்தான். சூடு தாங்கும் ஹீட் டேப்பால் பேப்பரைத் தகட்டின் பின்பக்கமாக மடித்து ஒட்டுங்கள். படம் இருக்கும் பகுதிக்கு மேலே டேப் போகக் கூடாது. டேப்பின் கனம் அழுத்தத்தை மாற்றி ஒரு பட்டையான தடத்தை விட்டுவிடும். எடுக்கும்போது சூடாக இருக்கையிலேயே ஒரே இழுப்பில் உரித்துவிட வேண்டும். பாதி உரித்து, எப்படி வந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்து, மறுபடி மூடினால் போச்சு.

மூன்றாவது, பேப்பரின் ஈரம். சூட்டில் அது நீராவியாகிப் பேப்பரைத் தூக்கிவிடும். பார்த்தால் மையின் குறை போலத் தெரியும். காற்றின் ஈரப்பதம்தான் காரணம். அச்சிட்ட பேப்பர் நன்றாகக் காயட்டும், பேப்பர் கட்டை மூடியே வையுங்கள், அது போதும். அப்புறம், மலிவான பிரஸ்களில் தட்டின் நடுப்பகுதியைவிட விளிம்புப் பகுதி சூடு குறைந்தே இருக்கும். நான்கைந்து தகடுகளை ஒரே நேரத்தில் வைத்து, அதில் வெளிப்பக்கம் இருந்தவை மட்டும் வெளிறி வந்தால் குறை தகட்டில் இல்லை.

கேமரா ஓட்டை தனிக் கதை. ஓட்டையின் மேல் பேப்பர் அந்தரத்தில் நிற்கும். அங்கிருந்து கிளம்பும் ஆவி ஓட்டை வழியாகக் கீழே இறங்கி அடித்தட்டில் படிந்து, அடுத்த தகட்டின் மேல் திரும்பி வரும். அடியிலும் மேலேயும் சுத்தமான வெள்ளைத் தாள் ஒன்று போட்டு, ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். அதைவிட நல்லது, ஓட்டை வரும் இடத்தில் கோப்பிலேயே மையை வெட்டிவிடுவது. ஓட்டைக்குள் 1 மி.மீ. மட்டும் மை நீண்டிருந்தால் போதும்.

2டியின் உண்மையான குறை அச்சில் இல்லை, தோற்றத்தில் இருக்கிறது. படம் முதுகோடு நின்றுவிடும். பக்கங்கள் கறுப்பாகவோ வெள்ளையாகவோ கண்ணாடி மாதிரியோ கவரின் நிறத்திலேயே இருக்கும். டிபியு கவர் வளைவதால், ஒட்டு சரியில்லாவிட்டால் தகட்டின் மூலை கொஞ்ச நாளில் எழும்பும். அச்சு சுத்தமாக இருந்தும் ஓரம் அசிங்கமாகத் தெரிவது அப்போதுதான்.

3டி, பேப்பரில்: மூலையில்தான் பரீட்சை

முதுகோடு நிற்காமல் பக்கங்களிலும் படம் போக வேண்டும் என்றால் 3டி. முழுக் கவரும் பூச்சு பூசிய பாலிகார்பனேட். அந்தந்த மாடலுக்கென்று செய்த உலோக மோல்டின் மேல் மாட்டி, அச்சிட்ட பேப்பரைச் சுற்றி, வேக்கம் பிரஸ்ஸில் வைக்கிறோம். காற்றை உறிஞ்சியதும் சிலிக்கான் ஷீட் இறங்கிப் பேப்பரை எல்லாப் பக்கமும் அழுத்துகிறது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பேப்பர் இழுபடாத பொருள். தட்டைப் பரப்பையோ ஒரே திசையில் வளையும் பரப்பையோ அது சுற்றிக்கொள்ளும். இரண்டு வளைவுகள் சந்திக்கும் மூலையில் மடிப்பு விழுந்தே தீரும். மடிப்பு விழுந்த இடத்தில் தொடுகை இல்லை. அங்கே ஒரு வெள்ளைக் கீற்று, அதை ஒட்டிக் கறுத்த ஒரு கோடு. மூலையில் பேப்பரைக் கத்தரித்து ஒன்றின்மேல் ஒன்று படாமல் மடிப்பது ஒரு கைவேலை. பழகினால் நன்றாகவே வரும். ஆனால் பத்துக் கவர் செய்தால் பத்தும் ஒரே மாதிரி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இன்னொரு சிக்கல் பிளாஸ்டிக்கிடமிருந்தே வருகிறது. பாலிகார்பனேட் 150 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். நாம் வேலை செய்வதோ அதற்கு மேல். மோல்டுதான் கவரின் உருவத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. கவருக்கும் மோல்டுக்கும் இடையே இடுக்கு இருந்தால் அந்த இடத்தில் கவர் உள்வாங்கும், பேப்பரின் அழுத்தமும் குறையும். மோல்டு கனமான உலோகம் என்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். முன்கூட்டியே சூடேற்றாமல் போட்ட முதல் ஈட்டில் பக்கங்கள் வெளிறித்தான் வரும். எடுத்தவுடனே ஆற வைக்கும் மோல்டில் மாட்டாவிட்டால் கவர் சுருங்கியோ திருகியோ போய்விடும், போனில் பொருந்தாது. சிலிக்கான் ஷீட்டும் பழசாகித் தளர்ந்தால் முதலில் கைவிடுவது மூலைகளைத்தான். ஷீட்டைப் பார்க்காமல் மையையும் பேப்பரையும் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

ஓரச் சுத்தத்தை மட்டும் வைத்து மதிப்பிட்டால் நான்கில் கடைசி இடம் இதற்குத்தான். ஏற்கனவே வேக்கம் மெஷின் வைத்திருப்பவர், மூலைக்கு வரும்போது ஒரே நிறமாக மங்கிவிடும் டிசைன்களை மட்டும் எடுத்துச் செய்தால் காலம் தள்ளலாம்.

3டி, ஃபிலிமில்: ஒட்டுகிறது, ஆனால் இழுக்கிறது

பேப்பரின் குறையை நேராகத் தீர்ப்பது ஃபிலிம். பூச்சு பூசிய பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சிட்டு, கவர்களுக்கு மேலே சட்டத்தில் மாட்டுகிறோம். சூட்டில் அது இளகியதும் வேக்கம் அதைக் கீழே இழுத்துக் கவரின் மேல் தோல் மாதிரிப் போர்த்துகிறது. மூலையிலும் மடிப்பு இல்லை. இறங்கிய பிறகு நகரவும் செய்யாது என்பதால் கோஸ்டிங் பயமும் குறைவு. பக்கவாட்டின் கீழ் விளிம்பு வரை நிறம் ஒரே சீராகப் போவதை இந்த வழியில்தான் நம்பி எதிர்பார்க்கலாம்.

விலை எங்கே கொடுக்கிறோம் என்றால் வடிவத்தில். ஃபிலிம் மூலைக்கும் பக்கத்துக்கும் இறங்கும்போது நீளுகிறது. அதோடு படமும் நீளுகிறது. நீண்ட இடத்தில் மை மெலிந்து நிறம் ஒரு படி குறையும். முதுகில் ஓரத்துக்கு அருகே இருக்கும் எழுத்து பக்கத்தில் வழிந்தது போலத் தெரியும். நேர்கோடு வில்லாக வளையும். பூ, மேகம், பளிங்குக் கல் மாதிரியான டிசைனில் இது யாருக்கும் தெரியாது. கட்டம் போட்ட டிசைனில் ஒளிக்கவே முடியாது. எழுத்தையும் முகத்தையும் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைப்பது, பக்கத்துக்குப் போகும் நிறத்தைக் கோப்பில் கொஞ்சம் அடர்த்தியாக்குவது, இரண்டும் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஃபிலிமில் மை காயவும் நேரம் பிடிக்கும். பேப்பர் உறிஞ்சுகிற மாதிரி அது உறிஞ்சாது. அவசரத்தில் கை பட்டால் தீற்றிவிடும். தீற்றியது அப்படியே கவரில் அச்சாகும்.

பேப்பரா ஃபிலிமா என்று மட்டும் கேட்டால் தயங்காமல் ஃபிலிம் என்பேன். பக்கத்தில் படம் வேண்டாம் என்றால் இரண்டுமே வேண்டாம், 2டிக்கே போங்கள். பக்கத்தில் ஒன்றும் இல்லாத டிசைனுக்கு 3டி செய்வது வேண்டாத தலைவலி.

யூவி: கூர்மைக்குப் போட்டி இல்லை, தட்டையாக இருக்கும்வரை

யூவி பிரிண்டரில் சூடு, பேப்பர், ஆவி எதுவும் கிடையாது. மை நேராகக் கவரில் விழுந்து, புறஊதா ஒளி பட்டதும் இறுகிவிடும். பரவ நேரமே இல்லாததால் மெல்லிய எழுத்தும் கோடும் சப்ளிமேஷனைவிடக் கூர்மையாக நிற்கும். வெள்ளை மை இருப்பதால் கறுப்புக் கவரிலும் அச்சிடலாம். சப்ளிமேஷன் வெளிர் நிறப் பூச்சு இல்லாமல் ஒன்றும் செய்யாது.

ஆனால் ஓரம் என்று வரும்போது இதற்கும் ஒரு எல்லை உண்டு. அச்சுத் தலை பரப்பிலிருந்து ஓரிரு மி.மீ. தூரத்தில் இருந்தால்தான் துளி குறி தவறாது. கவர் வளைந்து இறங்கும் இடத்தில் அந்தத் தூரம் கூடும். துளிகள் சிதறி, விளிம்பில் பொடி தூவியது போல இருக்கும். ஆகவே யூவியும் முதுகோடு நின்றுவிடுகிற வேலைதான். கீழே போடும் வெள்ளை அடுக்கையும் மேலே வரும் நிறத்தையும் ஒரே அளவில் வைத்தால் படத்தைச் சுற்றி வெள்ளை எட்டிப் பார்க்கும்; வெள்ளையை ஓரிரு பிக்சல் உள்ளே சுருக்க வேண்டும்.

இன்னொன்று நாள்பட்ட பிறகுதான் தெரியும். சப்ளிமேஷன் சாயம் பூச்சுக்குள் இருக்கிறது, விரலால் தடவினால் படத்தின் விளிம்பு கைக்குத் தட்டாது. யூவி மை மேலே ஒரு படலமாக உட்கார்ந்திருக்கிறது. பாக்கெட்டில் உரசி உரசி முதலில் தேய்வது விளிம்புதான். வளையும் டிபியு கவரில் பிரைமர் (மை பிடிக்க முதலில் பூசும் பூச்சு) போடாமல், வளையாத வகை மை அடித்தால் வெடிப்பும் விழும். முதல் நாள் பார்த்து யூவிக்கு முழு மதிப்பெண் கொடுப்பவர்கள், கொஞ்ச மாதம் கழித்து அதே கவரைப் பார்த்தால் மாற்றிச் சொல்லக்கூடும்.

எந்த டிசைனுக்கு எது

படத்தின் ஓரத்தை ஒட்டியே சுற்றிலும் ஒரு பார்டர் கேட்பார்கள். நான்கு வழிகளிலும் மோசமாகத் தெரிவது அதுதான். அரை மி.மீ. நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் கண்ணுக்கு அடிக்கும். கேட்டே தீருவேன் என்றால் யூவி, அதுவும் விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி. அடர் நிறம் முழுக்க நிரம்பிய டிசைனுக்கு, பக்கமும் சேர்ந்தால் ஃபிலிம். கறுப்புச் சட்டம் போட்ட 2டி அதற்கு அடுத்தது, ஏனென்றால் கறுப்புச் சட்டத்தில் எந்த இடைவெளியும் தெரியாது. அதே படத்தை வெள்ளைக் கவரில் செய்தால் சின்னப் பிழையும் கத்தும். குடும்பப் புகைப்படத்துக்கு 2டி. வெள்ளைப் பின்னணியில் நடுவில் ஒரு லோகோ என்றால் எதில் வேண்டுமானாலும் செய்யலாம், ஓரம் என்ற கேள்வியே எழாது.

வழி எதுவானாலும் புது மாடல் கவர் வந்ததும் முதலில் வாடிக்கையாளர் படத்தைப் போடாதீர்கள். 1 மி.மீ. இடைவெளியில் கோடுகள் வரைந்து, ஐந்து கோட்டுக்கு ஒன்றை வேறு நிறத்தில் வைத்து, ஓரத்திலிருந்து எண்ணிட்ட ஒரு கட்டப் படத்தை அச்சிடுங்கள். 2டியில் எந்தக் கோடு சட்டத்துக்குள் மறைகிறது, ஃபிலிமில் எந்தக் கோட்டிலிருந்து கட்டங்கள் நீளத் தொடங்குகின்றன, யூவியில் எங்கே சிதறல் ஆரம்பிக்கிறது என்று நேராகப் படித்துக்கொள்ளலாம். நான்கு பக்கத்து எண்களையும் தனித்தனியாக எழுதுங்கள். கேமரா பக்கமும் சார்ஜர் பக்கமும் ஒரே எண்ணாக இருக்காது. அந்த எண்களை மாடல் பெயரோடும் கவர் தயாரித்தவர் பெயரோடும் சேர்த்தே கோப்பில் வைக்க வேண்டும், ஏனென்றால் அதே போன் மாடலுக்கு வேறொருவர் செய்த கவர் வந்தால் பள்ளத்தின் அளவும் மூலையின் வளைவும் மாறியிருக்கும், கட்டப் படத்தை மறுபடி அச்சிட வேண்டிவரும்.