குளோவிலிருந்து பெட்ரோலுக்கு: நூறு பறத்தலுக்குப் பிறகு

மதுரை விமான நிலையம் அவனியாபுரம் பக்கம் இருப்பதால், அந்தத் திசையே வேண்டாம் என்று மேலூர் தாண்டி ஒரு கண்மாயில்தான் என் ஆர்.சி. (ரேடியோ ரிமோட்டில் இயங்கும் மாதிரி) விமானத்தைப் பறக்கவிடுகிறேன். கோடையில் தண்ணீர் வற்றி, தரை சிமெண்டுபோல் இறுகிக் கிடக்கும்.

முதலில் இருந்தது 10 சிசி குளோ எஞ்சின், அதாவது கனலும் கம்பிச்சுருளால் எரிபொருளைப் பற்றவைப்பது. நல்ல எஞ்சின்தான், ஆனால் குடிப்பது மெத்தனால். நம் மாநிலத்தில் அதை உரிமம் இல்லாமல் வாங்க முடியாது. 2024 கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். நியாயந்தான். 20 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு மாறினேன்.

பெட்ரோலில் 30-க்கு 1 டூ ஸ்ட்ரோக் ஆயில். டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. டேங்குக்குள் பழைய சிலிக்கோன் டியூபை அப்படியே விட்டது என் தப்பு. ஒரே வாரத்தில் ஊறிய அப்பளமாகத் தொளதொளத்தது. பெட்ரோலுக்கென்று விற்கும் மஞ்சள் டியூப்தான் தாங்குகிறது. மூக்கில் எடை ஏறியதால் பேட்டரியை வால் பக்கம் நகர்த்தினேன். குளோ எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெய்ப் பிசுக்கு இறக்கையெல்லாம் வழிந்த காலம் போனது.

உண்மையான மாற்றம் சைலன்சரில்தான். எஞ்சினோடு வந்த தகரப் பெட்டி போட்ட சத்தத்தில் கரையில் மேய்ந்த ஆடுகள் சிதறி ஓடின. அதைக் கழற்றிவிட்டு, விமானத்தின் வயிற்றுக்குள் படுக்கும் கேனிஸ்டர் (உருளை சைலன்சர்) மாட்டினேன். 150 கிராம் கூடுதல். டேக்கோமீட்டரில் நிமிடத்துக்கு 100, 200 சுற்றுதான் ஏறியது. சக்திக்காக யாரும் இதை வாங்க வேண்டாம். ஆனால் அடுத்த ஞாயிறு ஆடு மேய்க்கும் பெரியவர், "என்ன தம்பி, இன்னைக்கு ஏரோப்ளேன் கத்தவே மாட்டேங்குது?" என்றார்.

வெயில்தான் வேலை வாங்கியது. மே மாதம், மூன்றாவது நிமிடத்தில் எஞ்சின் நின்றது. சீமைக்கருவேலுக்குள் போகாமல் இறக்கியது அதிர்ஷ்டம். எஞ்சினைக் குளிரவைக்கும் காற்று நுழைய வழி இருந்தது, வெளியேற இல்லை. வெளித்துளை உள்துளையைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். அடிவயிற்றை அறுத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் கப்ளர், எஞ்சினின் புகைக்குழாயைக் கேனிஸ்டரோடு இணைக்கும் குழாய். சிலிக்கோன் கப்ளர் கருகிப் பிய்ந்தது, டெஃப்லான் போட்டேன். சைலன்சர் போல்ட்டுக்கு மரைப்பசை தடவியும் அதிர்வில் தளர்கிறது. பத்துப் பறத்தலுக்கு ஒருமுறை ஆலன் கீ வைத்துப் பார்க்கிறேன். போன வாரமும் ஒரு போல்ட் கால் சுற்று இறுகியது.