லெகோ 75356 எக்ஸிக்யூட்டர்: நீளச் சண்டைக்கு ஒரு தீர்ப்பு

'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வரும் எக்ஸிக்யூட்டர் விண்கப்பலின் மாடல், 2023இல் வந்த செட். 630 துண்டுகள், கட்டி முடித்தால் சுமார் 43 செ.மீ. நீளம். கூடவே வரும் இரண்டு குட்டி ஸ்டார் டெஸ்ட்ராயர்களைத்தான் (அதே படங்களின் சாதாரணப் போர்க்கப்பல்கள்) முதலில் பார்க்க வேண்டும்.

பட வில்லன் டார்த் வேடரின் இந்தக் கப்பலுக்கு நீளம் 8 கி.மீ. என்றே ஆரம்பகால நூல்கள் எழுதின. ரசிகர்கள் படக்காட்சிகளை அளந்து அதை விடாமல் மறுத்தார்கள். பிறகு 19 கி.மீ. அதிகாரபூர்வமானது. சாதாரண டெஸ்ட்ராயர் 1.6 கி.மீ. அந்தக் கணக்கில் 43 செ.மீ. மாடலுக்குப் பக்கத்தில் குட்டிக் கப்பல் 3.6 செ.மீ. இருக்க வேண்டும். பழைய 8 கி.மீ. கணக்கென்றால் 8.6 செ.மீ.! ஒரு சில துண்டுகளிலேயே முடிந்துவிடும் இந்தக் குட்டிகள் 19 கி.மீ. கட்சி என்று சொல்லவே தேவையில்லை.

வகைப்பெயர்ச் சண்டைக்கு மட்டும் தீர்வில்லை. பெட்டியில் 'சூப்பர் ஸ்டார் டெஸ்ட்ராயர்' என்றே போட்டிருக்கிறார்கள். அது பேச்சுவழக்குதான், முறையான வகை 'ஸ்டார் ட்ரெட்நாட்' என்பவர்கள் முகம் சுளிக்கலாம். என் ஓட்டும் அவர்களுக்கே.

கட்டும்போது தொல்லை சாம்பல் நிறம்தான். நிறம் பார்த்துப் பிரிக்க வழியில்லை. வடிவம் பார்த்துக் கிண்ணங்களில் போடுங்கள். சாய்வுத் தட்டுகளில் இடது, வலது வேறு வேறு. மாற்றிப் பொருத்தினால் விளிம்பு நேராக வராது, பிரித்துத்தான் ஆக வேண்டும். மேல்தளத்தில் நகரம்போல் இருக்கும் அமைப்பின் இடுக்குகளில் தூசி சேரும். துணி வேண்டாம், மென்மையான பெயின்ட் பிரஷ் போதும்.

இதே கப்பலுக்கு 2011இல் வந்த 3,152 துண்டு பெரிய செட்டை வைக்க இடமில்லாதவர்கள் தாராளமாக இதை வாங்கலாம்.