தலை சாயாத பேஸ் கிட்டார்: ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு

என் பழைய பேஸ் கிட்டாரின் எடை 3.8 கிலோ. கடையில் தூக்கிப் பார்த்ததும் 'இவ்வளவு லேசா!' என்று மகிழ்ந்துபோய் வாங்கினேன். ஞாயிறு ஆராதனையில் இரண்டு மணி நேரம் நின்று வாசித்த பிறகுதான் புரிந்தது, பாரம் தோளில் இல்லை, இடது மணிக்கட்டில் இருக்கிறது. கையை எடுத்தால் போதும், கழுத்தின் நுனியில் இருக்கும் ஹெட்ஸ்டாக் என்ற தலைப்பகுதி மெல்லத் தரையை நோக்கி இறங்கிவிடும். தந்தியை அழுத்த வேண்டிய கை பாதி நேரம் கழுத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. சொரசொரப்பான அகலத் தோல்வார் வாங்கி மாட்டினேன். சாய்வது நின்றது, அதற்குப் பதிலாகச் சட்டையின் தோள் கிழிந்தது.

சொந்தமாக ஒன்று செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்து, கிட்டார் செய்யும் பெரியவர் ஒருவரிடம் போனேன். "மூன்று கிலோவுக்குள் வேண்டும்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. என் பழைய கிட்டாரை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, சமமாக நிற்கும் இடத்தைத் தேடினார். 15ஆம் ஃபிரெட்டில் நின்றது. (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃபிரெட்டுகள், தலைப்பக்கத்திலிருந்து எண்ணுவார்கள்.) உடலிலிருந்து கழுத்துப்பக்கமாக நீளும் மேல்கொம்பில் வார் மாட்டும் குமிழோ 16ஆம் ஃபிரெட்டுக்கு நேராக இருந்தது. "எடையின் நடுப்புள்ளி குமிழைத் தாண்டித் தலைப்பக்கம் போய்விட்டது தம்பி. சாயாமல் என்ன செய்யும்? உடலை இன்னும் லேசாக்கச் சொல்கிறீர்கள், இன்னும் வேகமாகச் சாயும்" என்றார்.

வெள்ளிக்கோல் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தூரத்தில் தொங்கும் சிறு குண்டு, பக்கத்தில் இருக்கும் பெரும் மூட்டையைச் சமன் செய்துவிடும். பேஸ் கிட்டாரில் அந்தச் சிறு குண்டின் வேலையை டியூனர்கள், அதாவது ஹெட்ஸ்டாக்கில் தந்தியை முறுக்கும் திருகிகள், செய்கின்றன. என்னுடையவை ஒவ்வொன்றும் 95 கிராம். 60 கிராம் டியூனர்களுக்கு மாறினால் நான்கிலுமாக 140 கிராம் குறையும். அற்பமாகத் தோன்றும். ஆனால் அது 12ஆம் ஃபிரெட்டிலிருந்து ஏறத்தாழ 55 செ.மீ. தள்ளி இருக்கும் எடை. அதே பலன் உடல்பக்கம் எடை கூட்டிக் கிடைக்க வேண்டுமென்றால், உடலின் நடுப்பகுதியில் கால் கிலோவுக்கு மேல் சேர்க்க வேண்டியிருக்கும். மின்சுற்றுப் பள்ளத்தில் மீன்பிடி ஈயக்குண்டுகளை வைத்தால் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். பழைய கிட்டாரில் செய்தும் பார்த்தேன். சமநிலை வந்தது, தோள்வலியும் கூடவே வந்தது.

சாய்வைத் தீர்க்க இன்னொரு வழி கொம்பின் நீளம். 1951இல் வந்த ஃபெண்டர் பிரசிஷன் பேஸின் மேல்கொம்பு 12ஆம் ஃபிரெட்டை நோக்கி நீண்டிருப்பதை அழகுக்கென்றுதான் நான் நினைத்திருந்தேன். 34 அங்குலத் தந்தி நீளத்தில் 12க்கும் 16க்கும் இடைவெளி சுமார் 9 செ.மீ. குமிழ் அவ்வளவு தூரம் இடப்பக்கம் போனால் கிட்டார் முழுவதும் அதே அளவு வலப்பக்கம் நகர்ந்து தொங்கும். சாய்வு தீர்வதோடு முதல் ஃபிரெட்டும் கைக்கு அருகில் வந்துவிடும். வலது முழங்கை கொஞ்சம் கூடுதலாக மடியும். அது பழக எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. கிட்டார் வடிவமைப்பாளர் நெட் ஸ்டைன்பெர்கர் 1980களின் தொடக்கத்தில் செய்ததுபோல ஹெட்ஸ்டாக்கையே நீக்கிவிடும் வழியும் இருந்தது. அந்த வகைக்கு இருமுனையிலும் குண்டு வைத்த தந்தி வேண்டும், அதைத் தேடி அலைய எனக்குப் பொறுமை இல்லை. தலையில்லாத கிட்டார் என் கண்ணுக்குப் பிடிக்கவுமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மரத்தில் கை வைப்பதற்கு முன், பெரியவர் பிளைவுட்டில் ஒரு மாதிரி வெட்டினார். கழுத்தைத் தற்காலிகமாகப் பொருத்தி, மணல் பொட்டலங்களை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். ஒரு மாலைப்பொழுது முழுவதும் போனது. இந்த ஆறு ஆண்டு நிம்மதிக்கு மொத்தக் காரணமும் அந்த மாலைதான் என்பேன். மஹோகனி உடல், மேப்பிள் கழுத்து. முடிந்தபோது எடை 4.1 கிலோ, பழையதைவிட 300 கிராம் அதிகம். கையை விட்டால் கழுத்து நின்ற இடத்தில் நிற்கிறது. மூன்று மணி நேர மெல்லிசைக் கச்சேரி முடிந்தும் மணிக்கட்டு இருப்பது நினைவுக்கு வருவதில்லை. வழுக்கும் நைலான் வார் போதும், சட்டைகளும் பிழைத்தன.

குறைகளும் உண்டு. நீண்ட கொம்பு வழக்கமான பைகளில் அடங்காது. இரண்டு பைகளின் மூலையைக் குத்திக் கிழித்துவிட்டது. மூன்றாம் ஆண்டில் கொம்பு முனைக் குமிழின் திருகு தளர்ந்து, பாட்டின் நடுவே வார் கழன்றது. நல்லவேளையாகப் பிடித்துவிட்டேன். மூங்கில் சிம்பைப் பசையோடு துளையில் அடித்து, கொஞ்சம் நீளமான திருகு போட்ட பிறகு இன்றுவரை அசையவில்லை.

பெரிய தவறு என்னுடையது. மேடையை மட்டும் நினைத்து அளவு சொன்னேன், உட்கார்ந்து வாசிப்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை. தொடையில் வைக்கும்போது குமிழுக்கு வேலையில்லை. இடுப்பு வளைவு எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. என் கிட்டாரில் அந்த வளைவு 2 செ.மீ. கழுத்துப்பக்கம் தள்ளி இருந்திருக்க வேண்டும். ஒலிப்பதிவுக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாரையும் மாட்டிக்கொள்கிறேன். "எங்கே ஓடப் பார்க்கிறீர்கள்?" என்று ஒலிப்பதிவாளர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.