மூடிய அமர்வின் மினிட்ஸை எந்தப் புத்தகத்தில் எழுதுவது?

ஏற்காட்டில் காபித் தோட்டம், சேலத்தில் பதிவு அலுவலகம். இப்படி இரண்டு இடத்தில் இயங்கும் ஒரு குடும்ப பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் பதினோரு வருடமாக அலுவலகப் பொறுப்பு பார்க்கிறேன். போர்டு மீட்டிங்குக்கு அஜெண்டா போடுவது, மினிட்ஸ், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது, தலைவரிடம் கையெழுத்து வாங்குவது எல்லாம் என் வேலை. மேனேஜரையும் கணக்கரையும் வெளியே அனுப்பிவிட்டு இயக்குநர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்களே, அந்தப் பகுதியை எப்படிப் பதிவு செய்வது? நான்கு வழி உண்டு. நான்கிலும் கொஞ்சமாவது அடிபட்டபின், கமிட்டிக்குத் தனி மினிட் புத்தகம் என்ற வழிக்கு வந்து சேர்ந்தோம்.

முதல் வழி, எழுதாமலே விடுவது. "உள்ளே பேசியது உள்ளேயே இருக்கட்டும்" என்று சொல்லும் பெரியவர் எங்கள் போர்டிலும் இருந்தார். 2013 கம்பெனிச் சட்டத்தின் 118-வது பிரிவு இதற்கு இடமே கொடுக்கவில்லை. ஒவ்வொரு போர்டு கூட்டத்துக்கும் கமிட்டிக் கூட்டத்துக்கும் 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியாக வேண்டும். ஒரு தீர்மானத்தை எதிர்த்த இயக்குநரின் பெயரும் அதில் வர வேண்டும். எழுதாமல் விட்டால், "நான் அன்றைக்கே வேண்டாம் என்றேன்" என்று சொல்பவருக்கு நாளைக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, போனில் ரெக்கார்டு செய்வது. வீடியோ கான்ஃபரன்ஸில் நடக்கும் கூட்டத்துக்கு ரெக்கார்டிங் கட்டாயம், அதில் நமக்குத் தேர்வே இல்லை. ஆனால் ஓர் அறையில் உட்கார்ந்து பேசும்போது எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருவரை அவதூறு செய்யக்கூடியது, பொருளுக்குத் தொடர்பில்லாதது, கம்பெனியின் நலனுக்குக் கேடானது என்று தலைவர் கருதுவதை மினிட்ஸில் சேர்க்கக் கூடாது என்று அதே 118-வது பிரிவு சொல்கிறது. கோபத்தில் வந்த வார்த்தையெல்லாம் ஒரு போனில் கிடந்தால் அந்தப் பாதுகாப்பு எதற்கு? மினிட்ஸ் எழுதும்வரை மட்டும் ரெக்கார்டிங்கை வைத்திருந்து அழிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டே முறை செய்து பார்த்தேன். தொகைகளைச் சரிபார்க்க உதவியது. அதற்கு மேல் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை.

மூன்றாவதும் நான்காவதும்தான் உண்மையான போட்டி. எல்லாவற்றையும் ஒரே போர்டு மினிட் புத்தகத்தில் எழுதுவதா, அல்லது இரகசியமான விஷயங்களுக்கு ஒரு கமிட்டி அமைத்து அதன் புத்தகத்தில் எழுதுவதா? ஒரே புத்தகம் என்றால் வேலை குறைவு, பக்க வரிசை ஒன்று, பூட்டும் ஒன்று. பல வருடம் அப்படித்தான் ஓட்டினோம்.

அதை மாற்ற வைத்தது ஒரு ஜெராக்ஸ். கடனைப் புதுப்பிக்க வங்கியில் தீர்மான நகல் கேட்டார்கள். லெட்டர்ஹெட்டில் அந்தத் தீர்மானத்தை மட்டும் டைப் செய்து, 'உண்மை நகல்' என்று இயக்குநர் கையெழுத்துடன் கொடுத்தால் போதும். நான் அன்று லீவு. அலுவலக உதவியாளர் அண்ணன் புத்தகத்தையே ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்கு எடுத்துப் போய், அந்தக் கூட்டத்தின் மூன்று பக்கத்தையும் நகல் எடுத்துவிட்டார். மூன்றாவது பக்கத்தில், மிளகு மூட்டைக் கணக்கில் குறைவு வந்தது பற்றியும், எஸ்டேட் ரைட்டர், அதாவது தோட்டத்தில் கணக்கு எழுதுபவர் மேல் விசாரணை பற்றியும் நான் பெயர் போட்டு எழுதியிருந்தேன். நகல் எத்தனை கை மாறியதோ தெரியாது. அந்த வாரமே செய்தி மலைக்கு ஏறிவிட்டது.

அடுத்த முறை நான் மேலே போனபோது ரைட்டர் களத்து ஓரமாக நின்றார். "என்னைப் பத்திப் புத்தகத்துலயே எழுதிட்டீங்களாமேங்க, மேடம்?" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. பிறகு எடைச் சீட்டுகளை வரிசையாகப் பார்த்ததில், சரியாகக் காயாத மிளகை எடை போட்டுக் கணக்கில் ஏற்றியதுதான் காரணம் என்று தெரிந்தது. காயக் காய எடை இறங்கியிருக்கிறது, மூட்டை எங்கும் போகவில்லை. அதையும் அடுத்த கூட்டத்தில் எழுதினோம். ஆனால் அதற்குள் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

உண்மை நகலை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காதே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் போர்டு மினிட் புத்தகம் பீரோவிலேயே இருக்கிற புத்தகம் அல்ல. ஆடிட் சமயத்தில் இரண்டு மூன்று நாள் ஆடிட்டரின் உதவியாளர்கள் மேஜையில் விரித்தபடி கிடக்கும். கையெழுத்துக்காக இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி என் பையில் தலைவர் வீட்டுக்குப் போய் வரும். எழுதிய பக்கத்தைக் கிழிக்க முடியாது, மேலே வேறு தாள் ஒட்ட முடியாது. திருத்தி மோசடி செய்தால் சிறைத் தண்டனைவரை உண்டு. போர்டு கூட்டங்களை எப்படி நடத்திப் பதிவு செய்வது என்று சொல்லும் எஸ்எஸ்-1 செயலகத் தரநிலைப்படி போர்டு மினிட்ஸை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். ஒரு ஆளின் பெயர் தவறாக ஏறினாலும் கம்பெனி உள்ளவரை அது இருக்கும். இந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

கமிட்டி வழியில் அதே தரநிலை நமக்குத் துணை வருகிறது. ஒவ்வொரு கமிட்டிக்கும் தனி மினிட் புத்தகம் வைக்கச் சொல்வதே அதுதான். முழு போர்டும் மூடிய அமர்வில் உட்கார்ந்தால் அது போர்டு கூட்டம், போர்டு புத்தகத்தில்தான் ஏற வேண்டும். அதனால் சும்மா ஒரு 'இரகசிய நோட்டு' போட்டுக்கொள்வது தப்பு. நாங்கள் போர்டு தீர்மானம் போட்டு மூன்று இயக்குநர்கள் கொண்ட கமிட்டி அமைத்தோம். சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை, நிலம் விற்பனைப் பேச்சு மூன்றும் அங்கே போகும். போர்டு புத்தகத்தில் "கமிட்டியின் பரிந்துரை ஏற்கப்பட்டது" என்று ஒரு வரி, கூடவே கமிட்டிக் கூட்டத்தின் தேதி. பச்சை அட்டை போட்ட கமிட்டிப் புத்தகம் சேலம் அலுவலகத்தில் தனி லாக்கரில் இருக்கிறது. மலையில் வைக்கவில்லை. மழைக்காலத்தில் அங்கே தாள் ஊறி மை பரவுகிறது. கையெழுத்துக்கும் பால் பாயிண்ட் பேனாதான்.

குறையும் உண்டு. கையெழுத்து வேலை இரட்டிப்பாகிறது. கமிட்டியில் இல்லாத இயக்குநர்களுக்கு முதலில் மனக்கசப்பு வந்தது. கமிட்டி மினிட்ஸும் போர்டின் பார்வைக்கு வந்தாக வேண்டும், ஆடிட்டர் கேட்டால் காட்ட வேண்டும் என்று எடுத்துச் சொன்ன பிறகு தணிந்தது. ஆக முழு இரகசியம் எந்த வழியிலும் கிடையாது. அதனால் கமிட்டிப் புத்தகத்திலும் இப்போது ஆள் பெயர் எழுதுவதில்லை. 'கோப்பு எண் இன்னது' என்று எழுதி, விவரத்தை அந்தக் கோப்பில் வைக்கிறேன்.

கணவன் மனைவி இருவர் மட்டும் இயக்குநர்களாக உள்ள கம்பெனிக்குக் கமிட்டி தேவையில்லை. ஒரே புத்தகத்தில் தீர்மானத்தை மட்டும் சுருக்கமாக எழுதினால் போதும். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளில் நான் வேலை செய்ததில்லை. கம்ப்யூட்டரில் நேர முத்திரையோடு வைக்கும் மின்னணு மினிட் புத்தகத்தையும் தரநிலை அனுமதிக்கிறது. சேலத்தில் எங்கள் ஆடிட்டரின் வேறொரு வாடிக்கையாளர் அதற்கு மாறியிருக்கிறார். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று அது காட்டுமாம். அடுத்த மாதம் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.