தனியாகக் கேட்பதா, கூட்டமாகக் கேட்பதா?

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை நேரில் பார்த்தவர்கள் ராமேஸ்வரம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அன்று பத்து வயதுப் பிள்ளைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவர்கள் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்யும்போது ஒவ்வொருவராக உட்காரவைப்பதா, சேர்த்து உட்காரவைப்பதா என்பதுதான் கேள்வி.

நாலு பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் ஊரே எழுந்து வரும். ரயில் நிலையம் எந்தப் பக்கம், தேவாலயத்துக்கு அந்தண்டை யார் வீடு என்று ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துக்கொள்வார். இடம், பெயர் சரிபார்க்க இதுதான் தோது. ஆனால் உரத்த குரல்தான் ஜெயிக்கும். பெண்கள் டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிய பதிவைக் கேட்டு எழுதுவது, அப்பப்பா!

தனியாகக் கேட்டால் வேறு கதை. பாம்பனிலிருந்து வந்த ரயிலைக் கடல் கொண்டுபோனது என்று ஊரறிந்ததைச் சொல்லி முடிப்பார்கள். கொஞ்ச நேரம் பேச்சிருக்காது. அப்புறம்தான் கையிலிருந்து நழுவிய தம்பியின் பேச்சு வரும். அந்த மௌனத்தில் அடுத்த கேள்வியைப் போடாமல் இருப்பதே பாதி வேலை. இந்தப் பதிவை யாருக்குப் போட்டுக் காட்டலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் தனியாகத்தான் தொடங்குவேன். கூட்டத்தில் கேட்டது சொந்த நினைவோடு கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. பழைய படங்களோடு கூட்டம் அடுத்த மாதம் போடலாம்.