ஜங்ஷனுக்கு வெளியே இருக்கும் திருச்சி

திருச்சி ஜங்ஷனில் எத்தனை முறை இறங்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை. சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம், வேலை சென்னையில். பண்டிகைக்கு ஊர் வரை டிக்கெட் கிடைக்காவிட்டால் திருச்சியில் இறங்கி பஸ் பிடிப்பேன். அதனால் எனக்குத் தெரிந்த திருச்சி என்பது ஒரு ஜங்ஷன், ஒரு பஸ் ஸ்டாண்டு, நடுவில் ஒரு டீக்கடை. போன ஆவணியில் அப்பாவை அழைத்துக்கொண்டு, ஊரைச் சுற்றிக் காட்டும் ஒருவரிடம் ஒரு நாள் பதிவு செய்தேன். ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். இரண்டு பேருக்கும் சேர்த்து 3,200 ரூபாய், ஆட்டோ உட்பட.

காலை ஆறு மணிக்கு மலைக்கோட்டை அடிவாரத்தில் இருக்கும் மாணிக்க விநாயகர் சன்னதி வாசலுக்கு வரச் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு வயது 71. நானூறுக்கும் மேல் படி என்றதும் என் முகத்தைப் பார்த்தார். "ஐயா, தாயுமானவர் சன்னதியில உக்காந்து ஒரு மூச்சு விட்டுட்டு ஏறலாம், அவசரமே இல்ல" என்றார் சார். சொன்னபடியே நிறுத்தி நிறுத்தித்தான் கூட்டிப் போனார்.

உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டு வெளியே வந்ததும் எல்லா வழிகாட்டிகளையும் போல சோழர், பாண்டியர் என்று ஆரம்பிப்பார் என நினைத்தேன். இவர் கைப்பிடிச் சுவர் ஓரமாகக் குந்தி உட்கார்ந்தார். ஒரு சின்னக் கல்லைப் பாறை மேல் வைத்து, பாட்டில் தண்ணீரைச் சரிவில் கொஞ்சமாக ஊற்றினார். தண்ணீர் கல்லில் மோதி இரண்டாகப் பிரிந்து ஓடியது. "இந்தக் கல்லுதான் ஸ்ரீரங்கம். தண்ணி பிரியுற இடம் முக்கொம்பு. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். இப்ப நிமிந்து பாருங்க."

நிமிர்ந்து வடக்கே பார்த்தால் அதே படம். முதலில் காவிரி, அதற்கப்பால் தென்னந்தோப்புக்கு மேல் ராஜகோபுரம், அதற்கும் பின்னால் கொள்ளிடத்து மணல் ஒரு வெளிர் கோடாக. இந்த ஒரு காட்சிக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

அதன்பிறகு அவர் சொன்ன வரலாறு எல்லாம் இந்தத் தண்ணீர் மேல்தான் நின்றது. மலையில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயில் இருக்கிறது. கங்கையைச் சடையில் தாங்கும் சிவன் சிற்பம் அதில்தான். அங்குள்ள கல்வெட்டு சொல்வதைக் கேட்டு அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிவனுக்கு ஆறுகள் மேல் பிரியம் ஜாஸ்தி. காவிரியைப் பார்த்து மனம் மாறிவிடுவாரோ என்று பயந்த பார்வதி, பிறந்த வீட்டை விட்டு இந்த மலைக்கே குடிவந்து, "இந்தக் காவிரி பல்லவனுக்குப் பிரியமானவள்" என்று சொல்லி வைக்கிறாளாம். 1,400 வருஷத்துக்கு முந்தைய குடும்பச் சண்டை!

அடுத்தது கர்நாடகப் போர். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வார்த்தை ஏறாத பாடம். ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. மலைக்கோட்டைக்குள் முகமது அலி, அவருக்கு ஆங்கிலேயர் துணை. வெளியே முற்றுகை போட்டது சந்தா சாகிப், அவருக்கு பிரெஞ்சுக்காரர் துணை. நிலைமை மாறியதும் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய் ஒதுங்கியது. ஆங்கிலேயர் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தைப் பிடித்துக்கொள்ள, பாண்டிச்சேரிக்குப் போகும் வழி அடைபட்டது. 1752 ஜூனில் சரண். மேலிருந்து பார்க்கும்போது எனக்கே தெரிகிறது, ஆற்றைக் காவல் என்று நம்பிப் போனவர்களுக்கு அதுவே வேலியாகிவிட்டது. கீழே இறங்கியதும் நத்தர்வலி தர்காவுக்கு அழைத்துப் போனார். அந்தச் சண்டையில் தலையை இழந்த சந்தா சாகிப், ஜெயித்த முகமது அலி, இருவருமே அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. தெப்பக்குளம், கிளைவ் தங்கியிருந்த வீடு, மெயின் கார்டு கேட் எல்லாம் ஆட்டோவில் இருந்தபடியே கை காட்டியதோடு சரி. உறையூர் கிடையவே கிடையாது. முற்காலச் சோழர் தலைநகரைத் தவிர்த்துவிட்டு என்ன திருச்சிச் சுற்று? கேட்டால், "பாக்க ஒண்ணும் மிச்சமில்லம்மா" என்கிறார். மிச்சமில்லை என்பதையாவது பார்த்திருப்போம். ஸ்ரீரங்கத்துக்கு உச்சி வெயிலில் போனதும் தப்பு. கல் தரையில் கால் வைக்க முடியவில்லை, ஏழு பிரகாரத்தில் பாதிக்கு மேல் ஓட்டம்தான். 236 அடி ராஜகோபுரம் 1987ல்தான் முடிந்தது என்று அவர் தொடங்கியதும் அப்பா குறுக்கிட்டார்: "மொட்டைக் கோபுரமா நின்னப்பவே நான் பாத்திருக்கேன் சார்." அப்புறம் பத்து நிமிஷம் அப்பாதான் வழிகாட்டி. சார் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்தது. மதியச் சாப்பாடு நம் செலவு என்பதை மட்டும் பதிவு செய்யும்போதே சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் முக்கொம்பு. காலையில் ஊற்றிய தண்ணீர் பிரிந்த அந்த இடம். கொள்ளிடத்தின் தரை தாழ்வு என்பதால் தண்ணீர் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போய், காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் காய ஆரம்பித்தன. அதைத் தடுக்கத்தான் 1830களில் ஆர்தர் காட்டன் இங்கே மேலணை கட்டினார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனதால் இப்போது புதுக் கதவணை நிற்கிறது. தீவின் மறுமுனையில், காவிரி மறுபடி கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பது கல்லணை. அது இந்தச் சுற்றில் இல்லை; தனியாக ஒரு நாள், தனிக் கட்டணம்.

முழங்கால் ஒத்துழைத்தால் தாராளமாகப் போகலாம். தொப்பி, தண்ணீர் கட்டாயம். ஸ்ரீரங்கத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், முக்கொம்பை மதியம் வைத்துக்கொண்டாலும் மரநிழல் இருக்கிறது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், குறைத்த அந்த ஒன்று உறையூருக்காக.

மறுநாள் காலை அப்பாவும் என்னுடன் சென்னைக்குக் கிளம்பினார். டவுன் ஸ்டேஷன் தாண்டியதும் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். பாலம் தடதடத்ததும் "காவிரி" என்று ஒரு விரலை மடக்கினார். ஸ்ரீரங்கம் போய், கோபுரம் போய், அடுத்த பாலம் வரும்வரை அந்த விரலை எடுக்கவே இல்லை.